ஈரத்துண்டில் முடிந்த பேரம்

தூசி எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்ளாது. அடுத்த அறையில் யாராவது ஒரு பழைய புத்தகத்தைத் தட்டினால் போதும், இங்கே எனக்கு ஏழு தும்மல் வரும். எண்ணி ஏழு. எட்டாவது வந்ததே இல்லை. தும்மலில்கூட நான் கொசுறு கொடுப்பதில்லை என்று என் தங்கை சொல்வாள்.

ஆகையால் இந்த அறையின் ஜன்னலைத் திறந்து வைத்தது பெரிய உபகாரம். மின்விசிறியையும் கொஞ்சம் குறைத்தீர்களானால் அந்தக் கோப்புகளின் மேல் இருப்பது அங்கேயே இருக்கும். நன்றி. இனி நிதானமாகப் பேசலாம்.

என் தங்கையின் கணவர் இறந்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ஒரே வீட்டில் பதினொரு வருஷம் இருந்தோம், ஒரு சண்டை கிடையாது. அவருக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, போன மாதம் நின்றுவிட்டது. எப்படிக் குறைந்தது என்று டாக்டர்களைக் கேட்டால் அவர்கள் படத்தைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால் எண்ணிக்கை சொல்வேன். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் வியாபாரிகள் நடுவில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் குழந்தை முதலில் 'அம்மா' என்கிறதோ இல்லையோ, 'குறைச்சுக்கோ' என்றுவிடும். எந்தப் பொருளையும் நான் பாதிக்குத்தான் கேட்பேன். அதனால் கடைத்தெருவில் எனக்கு 'அரைவிலை' என்று பெயர். பல்வலிக்குப் போன இடத்தில் பாதிப் பல்லை மட்டும் பிடுங்கச் சொன்னேன் என்று ஒரு கதை உலவுகிறது. அது அபாண்டம். முழுப் பல்லையும் பாதிக் கூலிக்குப் பிடுங்கச் சொன்னேன்.

தொழில், பழைய இரும்பு. இடிக்கிற வீடுகளிலிருந்து கேட், ஜன்னல் கம்பி, கட்டில், படிக்கட்டுக் கைப்பிடி என்று வாங்குவேன். பத்துப் பேர் பத்துக் காலத்தில் அடித்த பெயின்ட் அதன்மேல் ஏடு ஏடாக இருக்கும், அடியில் துரு. அதைச் சுரண்டி, புதுசாக வர்ணம் அடித்து விற்பது. ஒரு கேட்டைச் சுரண்ட ஓர் ஆளுக்கு இரண்டு நாள். அதுவும் பூ வேலைப்பாடு இருந்தால் ஒவ்வொரு இதழாகத் தேய்க்க வேண்டும். காதலிக்கு நகம் வெட்டிவிடுகிற பொறுமை வேண்டும். இரும்புக் கடைக்குக் கூலிக்கு வருகிறவனுக்கு அந்தப் பொறுமை இருந்தால் அவன் ஏன் இரும்புக் கடைக்கு வருகிறான்?

அதனால் ஒரு கம்ப்ரஸர் வாங்கினேன். அது காற்றை அமுக்கித் தரும். அந்தக் காற்றோடு மணலைச் சேர்த்து ஒரு குழாய் வழியாகப் பீய்ச்சினால், பெயின்டும் துருவும் பறந்துபோய்விடும். இரும்பு அப்போதுதான் பிறந்ததுபோல் வெளிறி நிற்கும். இரண்டு நாள் வேலை இருபது நிமிஷம். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது, அதற்குள் வைத்துக்கொண்டோம். தனி இடம், அனுமதி, அது இது என்று அலையாமல் வீட்டோடு வேலை.

குழாயைப் பிடிக்க ஆள் வேண்டும். எனக்குத்தான் தூசி ஆகாதே.

மாப்பிள்ளை அப்போது சும்மா இருந்தார். அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவினவர். என்ன குரல் தெரியுமா. ஒரே மூச்சில் நாற்பது விலை சொல்வார். நூறு, நூற்றைந்து, நூற்றுப்பத்து என்று ஆரம்பித்தால் நடுவில் மூச்சு வாங்கமாட்டார். வாங்க வந்தவனுக்குத்தான் மூச்சு வாங்கும். அந்தத் திணறலிலேயே ஒருவன் தலையாட்டிவிடுவான், சரக்கு முடிந்துவிடும். பிறகு சந்தையில் மைக் வைத்தார்கள். ஈர்க்குச்சி மாதிரி ஒருவன் வந்து கிசுகிசுத்தான், அது கடைசி வரிசைவரை கேட்டது. மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. குரல் மட்டும் சும்மா வீட்டில் கிடந்தது.

கொட்டகையில் அவருக்குச் சந்தோஷம்தான். ஒவ்வொரு கேட்டையும் முடித்ததும் வெளியே இழுத்து வந்து நிறுத்தி, என்னையும் தங்கையையும் கூப்பிட்டு, ஏலம் விடுவார். தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பொடியோடு, மாவு மில்லில் விழுந்து எழுந்தவர் மாதிரி நின்றுகொண்டு, ஒரே மூச்சில் நாற்பது. தங்கை சிரித்து நாற்பதாவது விலைக்குக் கையைத் தூக்குவாள். "அம்மாவுக்கு ஒரு கேட், வீட்டோட சேத்து ஒரு புருஷன் இலவசம்" என்று முடிப்பார். நான் எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணுவது பழக்கம்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள், கம்ப்ரஸர் கடையில் பார்த்த ஒரு சாமானை அவர் நினைவு வைத்துக் கேட்டார். தலையை முழுக்க மூடி, தனிக் குழாயில் வெளிக்காற்று வருகிற கவசம்.

"மச்சான், அந்தக் காத்து வர்ற தொப்பி ஒண்ணு வாங்கிடலாமா?"

"எதுக்கு மாப்பிள்ளை? அத மாட்டிட்டு வீட்டுக்குள்ள வந்தா தங்கச்சி யாருன்னு கேப்பா."

"விளையாடாதீங்க. மூக்கு, வாயி எல்லாம் மணலா போகுது. சாப்பிட்டா நறநறங்குது."

"உப்புன்னு நெனச்சுக்குங்க."

சிரித்துவிட்டார். வாங்க வந்தவன் சிரித்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி என்பது எங்கள் வீட்டுப் பால பாடம்.

"சரி, தொப்பி வேணாம். ரெண்டு பக்கமும் உருண்டையா வச்சிருக்குமே, அந்த முகமூடி?"

"அந்தக் குரலுக்கு மூடி போடறதா? எனக்கு மனசு வரல மாப்பிள்ளை."

"அப்ப பேப்பர்ல வருதே, அதாவது?"

"வேர்வையில நனைஞ்சு பத்து நிமிஷத்துல கிழிஞ்சிரும். நனையத்தான் போகுதுன்னா, முதல்லயே நனைஞ்ச துணியக் கட்டிக்கிட்டா போச்சு."

கொஞ்சம் யோசித்தார். "ஈரத்துண்டா?"

"குளுகுளுன்னு இருக்கும்."

"துண்டாவது நல்லதா குடுங்க."

"புதுசே தரேன்."

"உங்ககிட்ட பேசி யாரு மச்சான் ஜெயிக்கறது," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

காற்றுக் கவசத்தில் ஆரம்பித்து ஈரத்துண்டில் முடித்தேன். என் வாழ்க்கையில் நான் பேசிய பேரங்களில் இதைவிட அடிமட்டத்துக்குக் கொண்டுபோனது வேறு இல்லை. அன்று முழுக்க எனக்கு ஒரு மிதப்பு. துண்டு புதுசுதான் கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதில் வஞ்சனை இல்லை.

பக்கத்து வீட்டு டெய்லர் வந்தது அதற்கப்புறம். சாது. ஒரு சட்டையை விரித்துக் காட்டினார்.

"வெள்ளைத் துணி குடுத்தாங்க. சாம்பல் கலர்ல வாங்கிட்டுப் போறாங்க. நான் சாயப் பட்டறை வச்சிருக்கேனாங்க?"

நியாயமான கேள்வி. கொட்டகைக்கு இரண்டு ஜன்னல், கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அதன் வழியாகப் புழுதி போய் அவர் கொடியில் உட்கார்ந்திருக்கிறது. நான் பிறத்தியாருக்குத் தொந்தரவு கொடுக்கிறவன் இல்லை. மறுநாளே தடித்த பிளாஸ்டிக் தாள் வாங்கி, ஜன்னல், இடைவெளி, கதவிடுக்கு எல்லாவற்றையும் மாப்பிள்ளையை விட்டு உள்பக்கமாக ஒட்டவைத்தேன். ஒரு பொட்டுப் புழுதி வெளியே வரவில்லை. டெய்லர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியானால் அந்தப் புழுதி எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

மணலையும் நான் வீணாக்கவில்லை. அடித்து முடித்ததும் கூட்டி எடுத்து, சல்லடையில் சலித்து, பெயின்ட் சிம்பை எறிந்துவிட்டு, திரும்பவும் அதையே போடலாம். ஒரு மூட்டை மூன்று மூட்டையாகும். சலிப்பது என் தங்கை. மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து சலிப்பாள். மூன்றாம் தடவை மணல் முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி இருக்கும். "அண்ணா, நான் பவுடருக்குச் செலவே வைக்கறதில்லை பாருங்க" என்பாள். எங்கள் வீட்டுப் பெண்தானே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். மறதி இல்லை. சரக்கின் ஓட்டையை வாடிக்கையாளர் பார்க்காத பக்கமாகத் திருப்பி வைத்தே பழகிய கை.

கம்ப்ரஸர் விற்றவர் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வெளியே வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னைத் தனியாக நிறுத்தி, "அண்ணே, என்ன வேணா போட்டு அடிங்க, மணல மட்டும் போடாதீங்க. உலைக்கழிவுல செஞ்ச கறுப்புக் குருணை இருக்கு, அத வாங்கிக்குங்க" என்றார்.

"மணலுக்கு என்ன கேடு?"

"இரும்புல மோதி உடையும். கண்ணுக்கே தெரியாத தூளாகும். அது நுரையீரல்ல போய் உக்காந்தா எழுந்திருக்காது. அதச் சுத்தி நுரையீரல் கல்லு மாதிரி இறுகிப்போகும். மருந்து கிடையாதுண்ணே."

"எத்தனை வருஷம் ஆகும்?"

வாரன்டி கேட்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெறந்த வெளின்னா பத்து, இருபது. மூடின ரூம்ல, அடிச்ச மணலயே திரும்ப அடிச்சா ரெண்டு மூணு வருஷத்துலயே ஆளு முடிஞ்சாலும் முடியலாம்."

கறுப்புக் குருணை என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். பாதிக்குக் கேட்டேன். தரவில்லை. மணல் வாங்கினேன்.

பாருங்கள், அவர் செய்யாதே என்று சொன்ன மூன்றையும் ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறேன். மணல் போட்டேன், அறையை மூடினேன், அடித்ததையே அடித்தேன். அதற்காக ஒரு திட்டம் போட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். திட்டம் போட்டுக் கொல்ல எனக்கு ஏது நேரம்? ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் மலிவாகப் பட்டது, அவ்வளவுதான்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். முதல் வருஷம் நாற்பது. அடுத்த வருஷம் தொடக்கத்தில் முப்பத்தொன்றில் நிறுத்தி, "இன்னிக்கு சரக்கு அவ்வளவுதான் பெறும்" என்று சமாளித்தார். பிறகு இருபத்தாறு. தங்கை வழக்கம்போல் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். அவள் எண்ணவில்லை. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருமல் வந்த பிறகுதான் அவளுக்குக் கவலை வந்தது. "அண்ணா, அவர ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள். காட்டினேன். மூன்று டாக்டரிடம் காட்டினேன். செலவு பார்க்கவில்லை.

முதல் டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறந்தார், இருமல் முந்திக்கொண்டது. அந்த இடைவெளியில் நான் சொன்னேன்: "சந்தையில ஏலம் கூவறவர் டாக்டர்."

டாக்டர் தலையாட்டினார். கூட்டம், எச்சில், பிறத்தியார் இருமல். காசநோய் என்று எழுதி, மாத்திரை கொடுத்தார். எட்டு மாதம் சாப்பிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டார். "ஏன் மச்சான் அப்படிச் சொன்னீங்க? நான் ஏலம் விட்டு வருஷம் ஆச்சே."

"மாப்பிள்ளை, சரக்கு எங்க வாங்கினோம், எப்படி வாங்கினோம்னு எவன்கிட்டயாவது சொல்லுவோமா? கொட்டகைக்கு அனுமதி இல்ல. இவர் ஒரு வார்த்தை எழுதினா, நாளைக்கு நாலு பேர் வந்து நிப்பாங்க."

"அதுவும் சரிதான்," என்றார். "அப்ப நான் ஏலக்காரன்தான்."

"என்னிக்கும் ஏலக்காரர்தான்."

இருவரும் பேசி முடித்தது. அவரும் ஒப்புக்கொண்டார். இது உங்கள் குறிப்பில் இருக்கட்டும்.

மாத்திரை கேட்காததால் இரண்டாவது டாக்டர். வயதானவர், படம் எடுக்கச் சொன்னார். மாப்பிள்ளை உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, என்னை மட்டும் கூப்பிட்டு, படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். நுரையீரல் முழுக்க வெள்ளை வெள்ளையாய், அரிசியை இறைத்த மாதிரி.

"இது காசநோய் மாதிரி தெரியலயே. கல்லு உடைக்கறது, மணல் அடிக்கறது, அப்படி ஏதாவது வேலை பாத்திருக்காரா? யோசிச்சு சொல்லுங்க. அப்படி இருந்தா இன்னிக்கே நிறுத்தணும். போனது வராது. இருக்கறதையாவது காப்பாத்தலாம்."

நான் யோசித்தேன். அவர் சொல்லித்தான் யோசித்தேன். 'இருக்கறது' என்றாரே, அது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பத்தொன்பது. முந்தின நாள்தான் ஒரு கட்டிலை ஏலம் விட்டார், பத்தொன்பதில் நின்றார். பத்தொன்பது விலையோடு ஒரு மனிதன் சௌகரியமாக உயிரோடு இருக்கலாம். மாடிப்படி ஏறலாம், மெதுவாக. மனைவியோடு சினிமாவுக்குப் போகலாம்.

"இல்லீங்க டாக்டர். ஏலக்காரர்," என்றேன்.

அப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் முந்நூறு பெஞ்சுக்கால்கள் கொட்டகையில் வந்து இறங்கியிருந்தன. தேதி பேசியாயிற்று. வாக்குத் தவறினால் வியாபாரி எதற்கு ஆவான்?

"டாக்டர் என்ன மச்சான் சொன்னாரு?"

"நல்லா சாப்பிடச் சொன்னாரு."

"வேலை?"

"சும்மா படுத்துக் கிடக்காம உடம்ப அசைச்சுக்கிட்டே இருந்தா நல்லதாம்."

அசைத்துக்கொண்டே இருந்தார். இருநூற்று அறுபது கால்கள் முடித்தார். துண்டை அடிக்கடி நனைத்துக் கொடுத்தாள் தங்கை. இருநூற்று அறுபதாவதை வெளியே தூக்கி வந்து வைத்துவிட்டு, வழக்கம்போல் கையை உயர்த்தினார். நூறு, நூற்றைந்து, நூற்றுப்பத்து, நூற்றுப்பதினைந்து. அப்படியே கீழே உட்கார்ந்துகொண்டார். தங்கை நாலாவது விலைக்கே கையைத் தூக்கினாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்த அந்தச் சின்னப் பெண். அவளுக்கு என் பதில் பிடிக்கவில்லை. மூக்கில் காற்றுக் குழாயோடு படுத்திருந்த மாப்பிள்ளையிடம் நேராகப் போய், ஒரு காகிதமும் பேனாவும் கொடுத்து, "பேச வேணாம். கடைசியா என்ன வேலை செஞ்சீங்கன்னு மட்டும் எழுதுங்க" என்றாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுதினார்: ஏலம்.

பேசி முடித்ததை ஒருபோதும் மாற்றாத மனிதர். நான் எத்தனையோ பேரிடம் வியாபாரம் செய்திருக்கிறேன், இப்படி ஒரு கையைக் கண்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றால் நம்புவீர்களா? மறுநாள் போய்விட்டார்.

அந்தப் பெண் அவர் காதுமடலின் பின்னாலிருந்து பஞ்சில் நாலைந்து மணலை எடுத்து வைத்திருக்கிறாள். அதனால்தான் நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மூட்டை மூட்டையாக மறைத்தவன் நாலு மணலில் மாட்டினேன். என் பிழைப்பைப் பார்த்து நானே சிரிக்க வேண்டியதுதான்.

நீங்கள் அங்கே 'அஜாக்கிரதை' என்று எழுதியிருப்பது தலைகீழாகத் தெரிகிறது. அதற்குத் தண்டனை குறைவு என்று என் வக்கீல் சொன்னார், அதிலேயே நிற்கச் சொன்னார். ஆனால் அதை அடித்துவிடுங்கள். அஜாக்கிரதை அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். இரண்டரை வருஷத்தில் ஒருதடவைகூடக் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. உள்ளே அவர் அடிக்கும்போது என் அறை ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். மணல் அவரைக் கொல்லும் என்று முதல் நாளே தெரியும், கொன்றுகொண்டிருக்கிறது என்று முப்பத்தொன்றில் தெரியும், நிறுத்தினால் பிழைப்பார் என்று பத்தொன்பதில் தெரியும். அவரைக் கொன்றது நான். பிடிக்காமல் கொல்லவில்லை. அவர்மேல் பிரியம்தான். ஆனால் எதற்கும் முழு விலை கொடுத்துப் பழக்கமில்லை.

அப்பாடா. சொன்ன பிறகு லேசாக இருக்கிறது. இனி என் வாயில் பொய் என்று ஒன்று வராது. கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

தங்கையை விசாரணைக்குக் கூப்பிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த இரண்டு மாடி அவளால் ஏற முடியாது. பாவம், மிச்சமிருந்த நாற்பது கால்களையும் அவளேதான் முடித்தாள், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. நான் கேட்கவில்லை, அவளாகத்தான் குழாயை எடுத்தாள். இப்போது நாலு அடி வைத்தால் நின்று மூச்சு வாங்குகிறாள். துக்கம் நெஞ்சை அடைக்கிறது. அழுது அழுது ஒரு வறட்டு இருமலும் வந்துவிட்டது.

நான் கவனிக்காமல் விடவில்லை. இன்று காலையில் இங்கே வருவதற்கு முன்னால் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அதனால்தான் அரைமணி தாமதம், மன்னிக்க வேண்டும். அவரும் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார், அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று. தங்கை என் முகத்தைப் பார்த்தாள்.

"வேலைக்கெல்லாம் போறதில்லை டாக்டர், வீட்டோடதான் இருக்கா" என்றேன். அது உண்மைதானே.